கணக்கேடும் காத்திருத்தலும்

திருகோணமலைத் துறைமுகம் உலகின் இயற்கைத் துறைமுகங்களுள் மிகச் சிறந்தவற்றில் ஒன்றாக எண்ணப்படுவது. நிலம் அணைத்து நிற்க, நீர் ஆழ்ந்து கிடக்கும் அக்குடாவினுள் கோதுமை ஏற்றிய கப்பல்களும், சீமெந்து ஆலைக்குரிய மூலப்பொருள் ஏற்றிய கப்பல்களும், எண்ணெய்க் கப்பல்களும் வருகின்றன. எந்தத் துறைமுகத்திலும், வந்த கப்பல் வந்த கணமே இறங்குதுறையை அடைந்துவிடுவதில்லை. துறை ஒழிவாக இல்லையாயின், கப்பல் நங்கூரமிட்டு நிற்கும். துறைமுக அலுவலகம் அதன் பெயரைப் பட்டியலில் எழுதிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கும். முதற் கப்பல் சரக்கிறக்கி முடியும்வரை அலுவலர் அனைவரும் கைகட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாயின், அத்துறைமுகம் ஒருநாளும் நடவாது. காத்திருக்க வேண்டியது கப்பல், அலுவலகம் அன்று.

கணினி உலகிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு நிரல் தன் கணக்கேட்டில் ஒரு வரி எழுதுமாறு பணித்துவிட்டு, அது எழுதி முடியும்வரை அசையாது நிற்க வேண்டுமா? அன்றிப் பணித்துவிட்டு வேறு வேலை பார்த்திருந்து, முடிந்தபின் விடை பெற்றுக்கொள்ளலாமா? பின்னைய முறைக்கு ஒத்திசைவற்ற அணுகல் என்று பெயர். எளிய தமிழிற் சொன்னால், காத்து நில்லாத அணுகல் எனலாம். இம்முறையால் விளையும் நன்மை யாது, இதில் மறைந்திருக்கும் இடர் யாது என்பனவே ஈண்டு ஆராயத்தக்கன.

முதலில் கணக்கேட்டைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். கணினியில் ஒழுங்குபடுத்தி வைக்கப்பட்ட கணக்கேட்டுக்குத் தரவுத்தளம் என்று பெயர். பெரிய வங்கியிலோ திணைக்களத்திலோ தரவுத்தளத்தைக் காப்பதற்கென்று தனியே ஒரு கணினி இருக்கும். அதற்கு வழங்கி என்று பெயர். பிற நிரல்கள் அதனிடம் வேண்டுகோள் விடுத்து விடை பெறும். இது பதிவறையில் எழுதுவினைஞர் ஒருவரை அமர்த்தி, பேரேட்டை அவரிடமே ஒப்படைத்து வைப்பதை ஒத்தது. இன்னொரு வகையும் உண்டு. அங்கே எழுதுவினைஞரும் இல்லை, பதிவறையும் இல்லை. ஏடு, நிரல் இயங்கும் கணினியிலேயே ஒரு கோப்பாக இருக்கும்; நிரல் தானே அதைத் திறந்து தானே எழுதும். இதுவே உட்பொதிந்த தரவுத்தளம்.

இவ்வகையில் உலகெங்கும் மிகப் பரவலாக வழங்குவது எஸ்கியூலைட் என்பது. அதன் பிறப்பு ஒரு போர்க்கப்பலோடு தொடர்புடையது. 1957ஆம் ஆண்டுவரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்து, பின்னர் இலங்கைக் கடற்படையின் தளமாக விளங்கிவரும் திருகோணமலையில் வாழ்வோர்க்கு அவ்வரலாறு எளிதில் விளங்கும். அமெரிக்கக் கடற்படையின் ஒஸ்கார் ஒஸ்டின் என்னும் நாசகாரிக் கப்பலுக்குரிய நிரல் ஒன்றில் ரிச்சர்ட் ஹிப் என்னும் அறிஞர் பணியாற்றினார். கப்பல் சேதமுற்றால் எந்தக் குழாயை அடைப்பது, எந்த வழியைத் திறப்பது என்று வழிகாட்டுவது அந்நிரலின் கடமை. அது தன் தரவுகளுக்குத் தனியான வழங்கி ஒன்றை நம்பியிருந்தது. வழங்கி நின்றுபோனால் நிரலும் பயனற்றுப் போயிற்று. தரவுத்தளத்தோடு தொடர்புகொள்ள இயலவில்லை என்ற செய்தி மட்டுமே திரையில் தோன்றிற்று. சேதமுற்ற நேரத்தில் உதவ வேண்டிய கருவி, சேதத்தாலேயே ஊமையாவதா? வழங்கியே வேண்டாத ஒரு தரவுத்தளம் இருந்தால் என்ன என்று ஹிப் எண்ணினார். 2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் எஸ்கியூலைட்டின் முதற் பதிப்பு வெளிவந்தது. இன்று அது கைப்பேசிகளிலும் இணைய உலாவிகளிலும் அமைதியாக வேலை செய்துகொண்டிருக்கிறது. எவர்க்கும் உரிமைப் பணம் செலுத்த வேண்டாத பொதுச் சொத்தாகவும் அது விடப்பட்டுள்ளது.

அடுத்து, நிரல் எழுதும் மொழி. பைத்தான், யாவாஸ்கிரிப்ட் முதலியன குறுநிரல் மொழிகள் எனப்படும். கற்பதற்கு எளியன, சிறிய அலுவலகத்தின் தேவைக்கு ஒரு நிரலை விரைவில் எழுதிவிட உதவுவன. பைத்தான் மொழியை நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரொசம் 1991இல் வெளியிட்டார். 2006இல் வந்த அதன் 2.5ஆம் பதிப்பிலிருந்து எஸ்கியூலைட்டை அணுகும் வசதி மொழியோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே மொழியும் ஏடும் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. தனியே எதனையும் வாங்க வேண்டுவதில்லை.

இவ்விரண்டும் கூடும் இடத்திலேதான் காத்திருத்தல் என்னும் சிக்கல் எழுகிறது. அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். திருகோணமலையில் கொட்பே மீன்பிடித் துறைமுகம் உண்டு. ஆழ்கடலிற் பல நாள் தங்கி மீன்பிடித்துத் திரும்பும் கலங்கள் அங்கு வந்தடைகின்றன. அத்தகைய துறையொன்றில், கரை சேரும் கலத்தின் பெயர், சென்றுவந்த நாட்கள், இறக்கிய மீனின் இனம், அதன் நிறை ஆகியவற்றைப் பதிவு செய்ய ஒரு சிறு கணினி வைக்கப்பட்டிருப்பதாகக் கொள்க. நிறுவைத் தராசிலிருந்து எண்கள் வந்துகொண்டிருக்கும். அலுவலர் இருவர் மூவர் தம் கைப்பேசிகளிலிருந்து விவரம் அனுப்புவர். வேறொருவர் முன்னைய பதிவைக் கேட்பார். இத்தனை பேருக்கும் ஒரே நிரல் விடை சொல்ல வேண்டும்.

இப்பதிவு வெறும் ஏட்டுச் சடங்கன்று. இலங்கையின் ஆழ்கடல் மீன்பிடியைக் கண்காணித்துக் கட்டுப்படுத்துவதிற் குறைகள் உள்ளன என்று கூறி, ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஒக்டோபரில் இலங்கை மீனுக்குத் தடை அறிவித்தது. 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அத்தடை, குறைகள் களையப்பட்டபின் 2016இல் நீங்கிற்று. இன்னின்ன கலம் இன்னின்ன மீனை முறைப்படி பிடித்தது என்று காட்டும் சான்றிதழின்றி அச்சந்தைக்குள் மீன் நுழைய முடியாது. சான்றிதழுக்கு அடிப்படை பதிவேடு. ஆகவே ஒரு வரி தவறிப்போதல் என்பது ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு விலைபோகாது போதலாகவும் முடியக்கூடும்.

ஒரு வரியை எழுதக் கணினிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? பெரும்பாலும் கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவே. ஆயினும் எழுதுதல் என்பது பல படிகளைக் கொண்டது. முதலில் வேறெவரும் அவ்வேளையில் எழுதாதபடி ஏட்டுக்குப் பூட்டிடல் வேண்டும். பின்னர் மாற்றத்தை ஒரு துணையேட்டிற் குறித்தல் வேண்டும். இடையில் மின்சாரம் நின்றாலும் ஏடு பழுதுறாமற் காப்பது அதுவே. இறுதியாக, எழுதியது உண்மையாகவே வட்டிற் பதிந்துவிட்டதா என்பதை உறுதிப்படுத்தல் வேண்டும். இவ்விறுதிப் படியே நேரத்தை மிகுதியாக உண்பது. மலிவான நினைவட்டை பொருத்திய சிறு கணினியில் அது வெளிப்படையாக உணரத்தக்க தாமதமாகவும் ஆகலாம்.

அதனினும் பெரிது பூட்டுக்காகக் காத்திருத்தல். எஸ்கியூலைட்டில் ஒரு சமயத்தில் ஒருவரே எழுதலாம். வேறொரு நிரல் பூட்டை வைத்திருந்தால், பைத்தானின் வசதி வேறு கட்டளை இல்லாதவிடத்து ஐந்து விநாடிவரை காத்திருக்கும். அதன்பின்னரும் பூட்டு விடுபடாவிடின், ஏடு பூட்டப்பட்டிருக்கிறது என்று பிழை அறிவிக்கும். அந்த ஐந்து விநாடியும் நிரல் முழுவதும் நின்றுபோனால், தராசின் எண்ணை ஏற்பாரில்லை. கைப்பேசியில் கேட்போருக்கு விடையில்லை. ஒரு வரிக்காக ஒரு துறையே நிற்கிறது.

இதற்குத் தீர்வாகவே காத்து நில்லாத முறை அமைந்தது. பைத்தான் மொழியில் அதற்கான அடிப்படை 2014இல் வெளிவந்த 3.4ஆம் பதிப்பில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு 3.5ஆம் பதிப்பில் அதற்கெனத் தனிச் சொற்களே மொழியிற் சேர்க்கப்பட்டன. இம்முறையில் நிரலின் நடுவே ஒரு சுற்று இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும். அதனை நிகழ்வுச் சுற்று என்பர். பல பணிகள் அச்சுற்றிற் பதிவு பெற்றிருக்கும். ஒரு பணி காத்திருக்க வேண்டிய இடம் வந்ததும், தன் முறையை விட்டுக்கொடுத்து ஒதுங்கி நிற்கும். சுற்று அடுத்த பணியை எடுத்துக்கொள்ளும். காத்திருந்தது கைகூடியதும் முதற் பணி விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வலைப்பின்னல் வழியே வரும் செய்தியைச் சுற்று தானே எதிர்பார்த்திருக்க வல்லது. எஸ்கியூலைட்டோ அவ்வாறு அமைந்ததன்று. அது நிரலின் உள்ளேயே இயங்குவது; அழைத்தால், வேலையை முடித்த பின்னரே விடை தருவது. அதனிடம் பாதியில் ஒதுங்கி நில் என்று சொல்ல இயலாது. அப்படியாயின் காத்து நில்லாமை எங்ஙனம் கைகூடும்? காத்திருத்தலுக்கென்றே தனி ஆளை அமர்த்துவதே வழி. கணினியியலில் அவ்வாளை இழை என்பர். ஒரே நிரலுக்குள் ஓடும் இரண்டாவது வேலைத்தொடர் என்க. பைத்தானில் இதற்காக வழங்கும் ஏஐஓ-எஸ்கியூலைட் என்னும் தொகுதி, ஏட்டோடுள்ள ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் இழையை அமர்த்துகிறது. வேண்டுகோள்கள் வரிசையில் நிற்கின்றன. இழை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றி விடையைச் சுற்றுக்கு அனுப்புகிறது.

பைத்தானில் இழைகள் பல இருப்பினும் ஒரு சமயத்தில் ஒன்றே கட்டளை நடத்தும் என்பது நெடுங்கால வழக்கம் ஆயிற்றே, அப்போதும் மற்றது நிற்க வேண்டாவா என்று ஒருவர் வினவலாம். தக்க வினாவே. ஏட்டின் உள்ளே வேலை நடக்கும்போது அந்த உரிமை விட்டுக்கொடுக்கப்படுகிறது. ஆகையால் இழை வட்டுக்காகக் காத்திருக்கும் வேளையில் சுற்று தடையின்றி ஓடுகிறது.

இதனால் எழுதும் வேகம் கூடிற்றா எனின், கூடவில்லை. வட்டு அதே வட்டு. பூட்டும் அதே பூட்டு. வேண்டுகோளை இழைக்குக் கொடுத்து விடையை வாங்குவதில் ஒவ்வொரு முறையும் சிறிது கூடுதல் நேரமே செலவாகிறது. கூடுவது நிரலின் கவனிக்கும் ஆற்றல் மட்டுமே. இவ்வேறுபாட்டை உணராது, எல்லாவற்றையும் காத்து நில்லாத முறைக்கு மாற்றினால் வேகம் பெருகும் என்று நம்பி ஏமாறுவோர் பலர்.

யாவாஸ்கிரிப்ட் மொழியில் இதுபற்றி இருவேறு கொள்கைகள் நிலவுகின்றன. அம்மொழியை உலாவிக்கு வெளியே இயங்கச் செய்யும் நோட் என்னும் அமைப்பு 2009இல் தோன்றியது. காத்து நில்லாமையே அதன் உயிர்க்கொள்கை. எஸ்கியூலைட்டுக்கென அதில் எழுந்த பழைய தொகுதி, அக்கொள்கைப்படி ஒவ்வொரு வேண்டுகோளையும் பின்னணி இழைக்கு அனுப்பிற்று. பின்னர் வந்த மற்றொரு தொகுதியோ, உள்ளேயே இருக்கும் ஏட்டிற் சிறு வினாவுக்கு விடை உடனே கிடைக்கும்போது ஆளனுப்பிக் கேட்பானேன் என்று வாதித்து, நேரடி அழைப்பையே மேற்கொண்டது. 2024இல் நோட் அமைப்பே தன்னுள் சேர்த்துக்கொண்ட வசதியும் நேரடி அழைப்பாகவே தொடங்கிற்று. பக்கத்து மேசையில் இருக்கும் ஏட்டை எட்டிப் பார்ப்பதற்குத் தூதுவன் வேண்டாம் என்பதே இதன் கருத்து. ஏடு பெரிதாய், வினா நீண்டதாய், எழுதுவோர் பலராய் இருக்குமிடத்துத் தூதுவன் வேண்டும். இரண்டும் இடமறிந்து கொள்ளத்தக்கன.

இனி இடரைப் பார்ப்போம். தரவுத்தளத்தில் ஒன்றோடொன்று தொடர்புடைய பல வரிகளைப் பிரிக்க முடியாத ஒரே செயலாக எழுதும் முறை உண்டு. அதற்குப் பரிவர்த்தனை என்று பெயர். எல்லாம் செவ்வனே முடிந்தால், உறுதி செய் என்று கட்டளையிட்டு நிலைபெறச் செய்யலாம். இடையிற் பிழை நேர்ந்தால், மீளப்பெறு என்று கட்டளையிட்டு எழுதிய அனைத்தையும் அழித்துவிடலாம். பாதிப் பதிவு ஏட்டில் தங்காது. ஏட்டின் நம்பகத்தன்மைக்கு இதுவே அடிப்படை.

கொட்பே எடுத்துக்காட்டிற்கு மீள்க. நிரலில் ஏட்டோடு ஓர் இணைப்பு மட்டுமே உள்ளது. எல்லாப் பணிகளும் அதனையே பயன்படுத்துகின்றன என்று கொள்க. முதற் பணி ஒரு கலத்தின் வரவை எழுதிப் பரிவர்த்தனையைத் தொடங்குகிறது. மீனின் நிறைக்காகத் தராசை எதிர்பார்த்து ஒதுங்கி நிற்கிறது. அவ்விடைவெளியில் இரண்டாம் பணி வேறொரு கலத்தின் விவரத்தை எழுதுகிறது. இணைப்பு ஒன்றேயாதலால், அவ்வரியும் முதற் பணியின் பரிவர்த்தனைக்குள்ளேயே விழுகிறது. அடுத்த கணம் தராசிற் கோளாறு என்று செய்தி வருகிறது. முதற் பணி, மீளப்பெறு என்று கட்டளையிடுகிறது. அழிவது அதன் வரி மட்டுமன்று. இரண்டாம் கலத்தின் வரியும் உடன் அழிகிறது. பின்னர் இரண்டாம் பணி, உறுதி செய் என்கிறது. உறுதி செய்வதற்கு எதுவுமில்லை. ஆயினும் பிழையென்று எதுவும் தோன்றுவதில்லை. பதிவாயிற்று என்று அலுவலருக்கு விடை போகிறது. ஏட்டிலோ அக்கலம் வரவே இல்லை. மாறாக, முதற் பணி காத்திருக்கையிலேயே இரண்டாம் பணி உறுதி செய்துவிட்டால், முதற் கலத்தின் பாதிப் பதிவு நிறையின்றி நிலைபெற்றுவிடுகிறது.

இத்தவறு மிகக் கொடியது. நிரல் நிற்பதில்லை, எச்சரிக்கை இல்லை, சோதித்துப் பார்க்கும் நாளில் ஒரே ஒருவர் பயன்படுத்துவதால் வெளிப்படுவதும் இல்லை. கலங்கள் பல சேர்ந்து வரும் நெருக்கடியான நாளிலேதான் நிகழ்கிறது. காத்து நில்லாத முறையில், ஒதுங்கி நிற்கும் ஒவ்வோர் இடமும் பிறர் உள்ளே நுழையக்கூடிய வாயில் என்பதை மறந்ததே இதற்குக் காரணம்.

பணிக்கு ஒன்றாகத் தனித்தனி இணைப்பு வைத்தால் தீர்ந்துவிடாதா? கலப்பு தீரும், ஆனால் வேறொரு தொல்லை தோன்றும். முதற் பணி பூட்டை வைத்துக்கொண்டே தராசுக்காகக் காத்திருக்கும். இரண்டாம் பணி எழுத முடியாமல் ஐந்து விநாடி நின்று பிழையோடு திரும்பும். எனவே உண்மையான தீர்வு, எழுதும் ஒழுங்கிலேயே உள்ளது. வேண்டிய விவரம் அனைத்தையும் முதலில் திரட்டிக்கொள்ளல் வேண்டும். தராசும் கைப்பேசியும் விடை தந்தபின் பரிவர்த்தனையைத் திறந்து, இடைநில்லாது எழுதி, உடனே மூடல் வேண்டும். திறந்த பரிவர்த்தனையோடு வெளியார் எவருக்காகவும் காத்திருத்தல் ஆகாது. எழுதுவதற்கென ஓர் இணைப்பை ஒதுக்கி, ஒருவர் முடித்தபின் மற்றவர் என்று முறை வைத்தல் அதற்குத் துணையாகும்.

படிப்போருக்கும் எழுதுவோருக்கும் இடையிலுள்ள நெருக்கடியைக் குறைக்க வேறொரு வசதியும் உண்டு. 2010இல் எஸ்கியூலைட்டின் 3.7.0ஆம் பதிப்பில் முன்னெழுதும் ஏடு என்னும் முறை சேர்க்கப்பட்டது. புதிய மாற்றங்கள் முதலில் தனியேட்டில் எழுதப்பட்டுப் பின்னர் முதன்மை ஏட்டிற் சேர்க்கப்படும். அதனால் ஒருவர் எழுதும்போதே பலர் தடையின்றிப் படிக்கலாம். எனினும் எழுதுவோர் ஒருவரே என்னும் விதி மாறவில்லை. அதனைப் பயன்படுத்தும் நிரல்கள் யாவும் ஒரே கணினியில் இயங்குவதும் இன்றியமையாதது. வலைப்பின்னல் வழியே பகிரப்படும் கோப்பில் அம்முறை செல்லாது.

இறுதியாக, காத்து நில்லாமைக்கும் ஒரு வரம்பு உண்டு. முன்னொரு காலத்தில் எஸ்கியூலைட்டோடு ஒரு துணைத்தொகுதி வழங்கிவந்தது. எழுதச் சொன்னவுடனே, எழுதியாயிற்று என்று விடை தந்துவிட்டு, உண்மையில் வட்டில் எழுதும் வேலையைப் பின்னணியில் ஆறுதலாகச் செய்வது அதன் முறை. நிரல் விரைந்து இயங்கிற்று. ஆனால் விடை தந்தபின், வட்டிற் பதியுமுன் மின்சாரம் நின்றால், கடைசியாக எழுதிய வரிகள் மறைந்துபோகும். முன்னெழுதும் ஏடு வந்தபின் அத்தொகுதி கைவிடப்பட்டது. முன்னெழுதும் ஏட்டு முறையிலும், வட்டை உறுதிப்படுத்தும் அளவைத் தளர்த்திவைத்தால் இதே ஆபத்து உண்டு. ஏடு கெடாது, கடைசி வரிகளே காணாமற் போகும். மீன் நிறுவையைப் பதியும் கணினியில் அத்தளர்ச்சி தகாது. உறுதி செய்யும் கட்டளை உண்மையிலேயே நிறைவேறிய பின்னரே, பதிவாயிற்று என்று அலுவலருக்குச் சொல்ல வேண்டும்.

நிரல் ஓரிடத்தில் நின்றுவிடாமல் எல்லாரையும் கவனிக்கட்டும், அது நன்று. ஆனால் ஏட்டின் முன்னே வரிசை குலையலாகாது. எழுதத் தொடங்கியவர் முடிக்குமுன் பிறர் கை நுழையலாகாது. முடியுமுன் முடிந்ததென்று சொல்லலாகாது. பல நாள் கடலிற் கிடந்து கரை சேர்ந்தவருக்கு, ஒரு விநாடி தாமதித்து வரும் மெய்யான விடையால் நட்டம் ஏதுமில்லை. உடனே வந்துவிடும் பொய்யான விடையோ அவருடைய உழைப்பையே இல்லையென்றாக்கிவிடும்.